மயிலாத்தாளின் பத்து மாசம்

மாதாந்திரப் பராமரிப்பு என்று அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். தம்பிதுரையின் குடோனில் ஓடிக்கொண்டிருந்த எட்டுத் தறிகளும் ஒன்றாக நின்றன. சூலூருக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊரில் தறி நின்றால்தான் மற்ற சத்தங்கள் காதில் விழும். ஆடிக் காற்று தென்னை மட்டைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று ஓட்டுக்கூரை அதிரும்படி தாழப் பறந்து போனது.

தம்பிதுரை தறியில் குறுக்கு நூலை இழுத்து ஓடும் நாடாக் கட்டைகளில் விரிசல் விட்ட இரண்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சோமனூருக்குப் போய்விட்டார். அவர் மனைவி மயிலாத்தாள் நாடாவுக்குள் போகும் தார்க் குச்சிகளில் நூல் சுற்றும் மிஷின் முன்னாலிருந்து எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். கரண்ட் சாயங்காலம்தான் வரும். இருபத்துநான்கு வருடமாகத் தார் சுற்றுவதும், அறுந்த இழைகளைப் பிணைப்பதும், நாலு தறியைப் பார்த்துக்கொள்வதும்தான் அவள் வேலை. அதற்கிடையில்தான் மகளைப் படிக்க வைத்தாள்.

மகள் மோகனப்பிரியா அரசுப் பள்ளியில் படித்து, ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரிக்குப் போனவள். அந்த ஊரிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போன முதல் ஆள். இப்போது விடுதியிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். திங்கட்கிழமை அவளுக்கு அறுவை சிகிச்சையில் செய்முறைத் தேர்வு.

“அம்மா, சும்மாதானே இருக்கிறே? சித்தெ வா. உன்னை வெச்சுப் பழகிக்கறேன்.”

“என்னைய வெச்சா? என்ன கண்ணு பண்ணோணும்?”

“பரீட்சை ஹால்ல பத்து மேசை போட்டிருப்பாங்கம்மா. ஒவ்வொரு மேசையிலும் ஒரு வேலை. காயத்துக்குத் தையல் போடறது, வயித்தை அமுக்கிப் பாக்கறது, அந்த மாதிரி. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மணியடிப்பாங்க. அடிச்சா அடுத்த மேசைக்குப் போயிரோணும். அதுல ஒண்ணு மார்புல கட்டி இருக்குதான்னு பாக்கறது. என்னென்ன செய்யறோம்னு சார் ஒரு காயிதத்துல டிக் போட்டுக்கிட்டே இருப்பாரு. ஒண்ணு விட்டாலும் மார்க்குப் போயிரும்.”

மயிலாத்தாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். ஜன்னலையும் சாத்தினாள்.

மோகனப்பிரியா போனில் ஐந்து நிமிட அலாரம் வைத்துக் கட்டில் மேல் நிறுத்தினாள். எதிரே தேர்வாளர் நிற்பதாக நினைத்துக்கொண்டு கை கழுவுவதுபோல் காட்டினாள்.

“வணக்கம்மா. என்னோட பேரு மோகனப்பிரியா. மருத்துவ மாணவி. உங்களைப் பரிசோதிக்க அனுமதி குடுக்கறீங்களா?”

“பெத்தவகிட்டயே பேரு சொல்றா பாரு” என்று மயிலாத்தாள் சிரித்தாள்.

“சிரிக்காதம்மா. அனுமதி வாங்கறதுக்கு ஒரு மார்க்கு.”

கையைத் தொங்கவிடச் சொல்லிப் பார்த்தாள். இடுப்பில் வைக்கச் சொன்னாள். தலைக்கு மேல் தூக்கச் சொன்னாள். படுக்கச் சொன்னாள். விரல்களைத் தட்டையாக வைத்து, கடிகார முள் சுற்றுகிற மாதிரி ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தாள். செய்வதையெல்லாம் வாய் இங்கிலீசில் சொல்லிக்கொண்டே வந்தது. கண் போனில் இருந்தது.

“கண்ணு, இந்தப் பக்கம், சித்தெ கீழ…” என்று மயிலாத்தாள் ஆரம்பித்தாள்.

“பேசாதம்மா. மணி ஓடுது.”

மயிலாத்தாள் வாயை மூடிக்கொண்டாள். மகளின் கை இடப்பக்கம் முடித்து, வலப்பக்கம் முடித்து, இரண்டு அக்குளையும் பார்த்து நின்றபோது பத்து வினாடி மிச்சம் இருந்தது. மோகனப்பிரியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “நன்றிம்மா. துணிய உடுத்திக்குங்க. ரெண்டு பக்கமும் நார்மல்” என்றாள்.

“அப்பிடீன்னா?”

“ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்.”

“நெசமாலுமா கண்ணு?”

“நெசமாத்தாம்மா. எந்திரி. இன்னொருக்காப் பண்ணிப் பாத்தர்றேன். இப்ப நாலு நிமிசத்துல முடிக்கறேன்.”

அன்று மத்தியானம் மயிலாத்தாள் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். வழக்கமாக ஒரு கரண்டி நெய் விடுகிறவள் அன்றைக்குக் கிண்ணத்தையே மகள் தட்டில் கவிழ்த்தாள். சோமனூரிலிருந்து வந்த தம்பிதுரை, “என்ன புள்ள, மொகமெல்லாம் தெளிச்சியா இருக்குது?” என்று கேட்டார். “காத்துக் குளுகுளுன்னு அடிக்குதில்லீங்” என்றாள் அவள்.

திங்கட்கிழமைத் தேர்வில் அந்த மேசை ஏழாவதாக வந்தது. மேசை மேல் ரப்பரில் செய்த மார்பு ஒன்று கிடந்தது. அதில் கட்டி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மேலே, வெளிப்பக்கம், அக்குளை ஒட்டி. ஆறு வருடமாக அதே பொம்மை. சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வருவார்கள். மோகனப்பிரியா எல்லாம் வரிசையாகச் செய்து, கடைசியில் கட்டியைத் தொட்டு, அதன் அளவைச் சொன்னாள். பேராசிரியர் நிமிராமல் டிக் போட்டுக்கொண்டே வந்தார். பத்துக்குப் பத்து.

தேர்வு முடிந்து கேண்டீனில் உட்கார்ந்திருந்தபோது அதே பேச்சுதான்.

“எனக்கு இந்த மொறைதாங்க பிடிச்சிருக்குது” என்றான் ஆதர்ஷ். அவனுக்குக் கிணத்துக்கடவு. “எங்க மாமன் படிக்கறப்ப ஒரே பேசண்ட்டு, ஒரே வாத்தியாரு. அன்னைக்கு அந்த மனுசன் வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருந்தா நாம பெயிலு. இதுல எல்லாருத்துக்கும் ஒரே கேள்வி, ஒரே மார்க்கு.”

“எல்லாருத்துக்கும் ஒண்ணுதான். ஆனா நாம பாத்தது ஆளையா?” என்றாள் ஹாரிகா. அவள் அவிநாசிக்காரி. “எனக்கு டான்ஸ் ஆடிட்டு வந்த மாதிரிதான் இருக்குது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அடி போட்டோம். அந்தப் பொம்மையில கட்டியே இல்லாமப் போயிருந்தாலும் நான் அங்கதான் கைய வெச்சு இருக்குதுன்னு சொல்லியிருப்பேன்.”

“அதெல்லாம் வேலைக்குப் போனாத் தன்னால வருங்க. மொதல்ல வரிசை மனசுல நிக்கோணும்” என்றாள் மோகனப்பிரியா.

துறையிலிருந்து ஒரு தாள் கொடுத்தார்கள். இந்த மேசை முறைத் தேர்வைப் பற்றி மாணவர்களின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். நேரம் போதுமானதாக இருந்ததா? தேர்வு நியாயமாக இருந்ததா? உண்மையான நோயாளியைப் பரிசோதிக்கும் நம்பிக்கையை இது தந்ததா? ஹாரிகா கடைசிக் கேள்வியில் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள். மோகனப்பிரியா ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனாள்.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம் அவள் வார்டிலிருந்தபோது வரலட்சுமி போன் செய்தாள். வரலட்சுமி பக்கத்து வீடு. அவள் புருஷன் ராமுலுவும் தறி ஓட்டுகிறவர்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே துணி துவைக்கும் கல்.

“கண்ணு, வேலையா இருக்கறீங்களா? உங்கம்மா சொல்ல வேண்டாம்னுதாங்க சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கலை.”

“என்னங்கத்தை?”

“வெயில் தாங்காம குழாயடியில ரெண்டு பேருமாத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தோம். அப்பத்தான் பாத்தேன். இடப்பக்கம் மார்பு, உள்பக்கமாக் கீழ, தோலு உள்ள இழுத்த மாதிரி இருக்குதுங்க. தொட்டா கல்லு. என்னக்கா இதுன்னேன். அது ஆடி மாசத்துக்கு மிந்தியே இருக்குது, எம்புள்ள பாத்து ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டா அப்பிடீங்கறாங்க.”

மோகனப்பிரியா வார்டை விட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

“ஏனுங் கண்ணு, லைன்ல இருக்கறீங்களா? நீங்க பாத்தீங்கதானுங்க? அன்னைக்குச் சாயங்காலம் எங்கூட்டுக்கு வந்து உங்கம்மா சொன்னாங்க. ஒரு மாசமா உசுரு கையில இல்லை வரலச்சுமி, என்னமோ தட்டுப்படுதுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன், ஆருகிட்டச் சொல்றதுன்னு தெரியலை, இன்னைக்கு எம்புள்ள ரெண்டுவாட்டி அமுக்கிப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டா, இனி நான் நிம்மதியாத் தூங்குவேன்னு. அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்லைங்க. நானும் மறந்துபோட்டேன்.”

மறுநாளே அம்மாவை அழைத்துக்கொண்டு தன் கல்லூரி மருத்துவமனைக்கே போனாள். தம்பிதுரையும் வந்தார். கூட்டத்தைப் பார்த்து அவர் வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்தவர் ஏழாவது மேசையில் டிக் போட்ட அதே பேராசிரியர்.

அவர் மயிலாத்தாளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய் நிதானமாகப் பார்த்தார். அக்குளில் வெகுநேரம் விரலை வைத்திருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

“எத்தனை நாளா இருக்குதும்மா இது?”

மயிலாத்தாள் மகளை ஒரு தடவை பார்த்தாள். “இப்பத்தானுங்க. ஒரு மாசம் இருக்குமுங்க.”

“அதுக்கு முன்னாடி எதுவும் தட்டுப்படலையா?”

“இல்லீங்க சாமி. எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க.”

பேராசிரியர் எழுதப் போனார்.

“பத்து மாசம் சார்” என்றாள் மோகனப்பிரியா.

“நீ சும்மா இரு கண்ணு. அவளுக்கு என்னங்க தெரியும்? அவ ஆஸ்டல்ல இருக்கறவ.”

“பத்து மாசம் சார். ஆனியில அம்மா பாத்திருக்காங்க. ஆடியில நான் பரீட்சைக்குப் பழகறதுக்கு அம்மாவைப் பரிசோதிச்சேன். ரெண்டு தடவை. நார்மல்னு சொன்னேன்.”

பேராசிரியர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

“அப்ப உன் கைக்கு ஒண்ணும் தட்டுப்படலையா?”

“நான் தேடவே இல்லை சார். வரிசையாச் செஞ்சேன். அம்மா என்னமோ சொல்ல வந்தாங்க. பேசாதேன்னுட்டேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பேனாவை எடுத்து, ‘பத்து மாதம்’ என்று எழுதி, ஊசியில் சதை எடுத்துச் சோதிப்பதற்கும், ஸ்கேனுக்கும் தாள் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கண் மோகனப்பிரியாவின் முகத்துக்கு வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் தம்பிதுரை முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பஸ் சிங்காநல்லூர் தாண்டியது. மயிலாத்தாள் முன் சீட்டுக்குக் கேட்காத குரலில், கோபமாகச் சொன்னாள்:

“எதுக்கு அங்க போய் உன்னையவே காட்டிக் குடுத்தே? உனக்கு மார்க்குப் போடற மனுசன் அவுரு.”

“பொய் சொன்னா வைத்தியம் எப்பிடிம்மா பண்ணுவாங்க?”

“ஒரு மாசம்னாலும் அதே ஊசிதானே போடப்போறாங்க? பத்து மாசம்னாலும் அதே ஊசிதானே?”

மோகனப்பிரியாவுக்கு அழுகை வந்தது. “நீயாச்சும் சொல்லியிருக்கலாமில்லம்மா. எனக்குத் தட்டுப்படலைன்னா, இங்க இருக்குது பாருடீன்னு எங்கைய எடுத்து அங்க வெச்சிருக்கலாமில்ல.”

மயிலாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயிலில் ரோட்டோரத்து வேப்பமரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

“நீ படிச்சவ. நான் சும்மா நூலு சுத்தறவ. எனக்குத்தான் சரியாத் தெரியலையாட்ட இருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டேன்” என்றாள். பிறகு, “எனக்கு ஒண்ணுமில்லைன்னு கேக்கோணும்னு இருந்துச்சு கண்ணு. நீ சொன்னே. நான் புடிச்சுக்கிட்டேன். அதுல உன்ற தப்பு என்ன இருக்குது?” என்றாள்.

அவர்கள் பேசியது தம்பிதுரைக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் அவர் நேராகக் குடோனுக்குப் போய்த் தறிகளைப் போட்டுவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

சோதனையில் புற்று என்று வந்தது. அக்குளில் முடிச்சு முடிச்சாக இறங்கியிருந்தது. முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டுப் பிறகுதான் அறுவை என்றார்கள். வைகாசியிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போய் வந்தாள். இரண்டாம் தடவைக்குப் பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. தார் மிஷினில் உட்கார்ந்தால் நூல் வாடை குமட்டியது. வாய் புண்ணாகி எதுவும் இறங்காமல், வரலட்சுமி கம்மங்கூழைத் துணியில் வடித்துக் கொண்டுவந்து கொடுப்பாள். தார் சுற்ற ஆள் இல்லாமல் தம்பிதுரை நாலு தறியை நிறுத்திவிட்டு மிச்ச நாலை மட்டும் ஓட்டினார். சத்தம் பாதியானது ரோட்டில் போகிறவர்களுக்கே தெரிந்தது.

புரட்டாசியில் அறுவை நடந்தது. கட்டு மாற்றுவதெல்லாம் மோகனப்பிரியாதான். வாரத்துக்கு மூன்று நாள் விடுதியிலிருந்து வந்து போனாள். மார்பு இருந்த இடத்தில் தையலோடு தட்டையாகக் கிடந்ததை மயிலாத்தாள் ஒரு தடவையும் குனிந்து பார்க்கவில்லை. மகள் துடைக்கும்போது கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு, “அப்பன் சாப்பிட்டாரா?” என்று கேட்பாள்.

கார்த்திகையில் முதுகு வலித்தது. இந்தத் தடவை அவள் ஒரு நாள்கூட மறைக்கவில்லை. வலித்த அன்றைக்கே போன் செய்து, “கண்ணு, முதுகுத்தண்டு நடுவுல, சோத்துக்கரண்டி அகலத்துக்கு வலிக்குது. இன்னைக்குக் காலைல ஆரம்பிச்சுது. குனிஞ்சா அதிகம்” என்று இடம், அளவு, நேரம் எல்லாம் சொன்னாள். படம் எடுத்தார்கள். எலும்புக்குப் போயிருந்தது. பேராசிரியர் மோகனப்பிரியாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, “பரீட்சையைத் தள்ளி வெச்சுக்கறியா?” என்று கேட்டார்.

“அம்மா விடமாட்டாங்க சார்.”

இறுதித் தேர்வு மார்கழியில் வந்தது; பல்கலைக்கழகம் நடத்துவது என்பதால் அது இன்னும் பழைய முறைதான், ஆளுக்கு ஒரு நோயாளி. அவளுக்குக் கிடைத்த நோயாளி குடலிறக்கத்தோடு வந்திருந்த ஒரு லாரி டிரைவர். அவரிடம் கதை கேட்டு, பரிசோதித்து, எழுதி முடிக்க முக்கால் மணி நேரம். அவர் இருமலைப் பற்றியும், சுமை தூக்கியதைப் பற்றியும், தான் பயந்து பயந்து ஆறு மாதம் சொல்லாமல் இருந்ததைப் பற்றியும் சொன்னதை அவள் ஒரு வார்த்தை வெட்டாமல் கேட்டாள். நேரம் முடிந்தபோது பாதிதான் எழுதியிருந்தாள். வெளியூர்த் தேர்வாளர், “இவ்வளவு நேரம் என்னம்மா செஞ்சே?” என்று கடிந்துகொண்டார். நூலிழையில்தான் தேறினாள். ஆதர்ஷுக்கு மெடல் கிடைத்தது. அவன் அதைப் பையிலிருந்து எடுத்துக் காட்டவே இல்லை.

மயிலாத்தாள் மாசி பிறக்கும்வரைதான் இருந்தாள். அதற்கு முன்னால், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பொங்கல் முடிந்திருந்தது. இடுப்புக்குப் பட்டை கட்டி, மயிலாத்தாளை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இளவெயில் அவள் காலில் விழுந்துகொண்டிருந்தது. மோகனப்பிரியா உள்ளே மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது வரலட்சுமி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

“கண்ணு, எனக்கும் ஒருக்காப் பாத்துச் சொல்றீங்களா? ஒண்ணும் வலியில்லைங்க. அக்காதான் போய்க் காட்டு, போய்க் காட்டுன்னு நாலு நாளா உசுரெடுக்கறாங்க.”

மோகனப்பிரியா எழுந்து நின்றாள். “நான் பாக்கலைங்கத்தை. ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. அங்க நல்ல டாக்டருங்க இருக்கறாங்க.”

“பாரு” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

“அம்மா, வேண்டாம்மா.”

“கதவைச் சாத்திக்கிட்டுப் பாரு கண்ணு.”

அவள் கை கழுவினாள். தண்ணீர் சில்லென்றிருந்தது. கையை வேட்டித் துணியில் துடைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கினாள். வரலட்சுமியைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு, “எங்க தொட்டா என்ன தெரியுதோ உடனே சொல்லுங்கத்தை. நான் பேச வேண்டாம்னு சொன்னாலும் பேசுங்க” என்றாள். முதல் தடவை தொட்டதும் விரலை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். விரல் நகரும் ஒவ்வொரு இடத்திலும் நின்றாள். வரலட்சுமி தன் தங்கச்சி கல்யாணத்தைப் பற்றி, மகன் வேலைக்குப் போகாததைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். குடோனில் ஒரு தறி நூல் அறுந்து நின்றது. பிறகு திரும்ப ஓடியது. அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

வரலட்சுமி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: “ஒண்ணுமில்லைதானுங்க கண்ணு?”

மோகனப்பிரியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“கைக்கு ஒண்ணும் தட்டுப்படலைங்கத்தை. ஆனா அதை வெச்சு என்னால சொல்ல முடியாது. எனக்குத் தெரியலைங்க. நாளைக்குப் போய்ப் படம் எடுத்துப் பாத்தரலாம். நானும் வர்றேன்.”

வரலட்சுமியின் முகம் சுண்டிப்போனது. “அப்ப என்னமோ இருக்குதுங்களா? எங்கிட்ட மறைக்கறீங்களா?”

“மறைக்கலை வரலச்சுமி” என்று மயிலாத்தாள் வெளியிலிருந்தே சொன்னாள். பேசினால் முதுகு வலிக்கும். அதனால் ஒவ்வொரு வார்த்தையாக விட்டுவிட்டுச் சொன்னாள். “தெரியலைன்னா, தெரியலைன்னுதான், அர்த்தம். காலைல ஏழு மணி பஸ்ஸுக்கு, அவகூடப் போ.”

மோகனப்பிரியா கதவைத் திறந்தாள். அம்மாவின் நாற்காலியை ஒட்டித் தரையில் இன்னும் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தார் சுற்றுகிறவர்கள் இருவர். மூன்றாவது, கடைசித் தெருவிலிருந்து கோலூன்றி வந்திருந்த சின்னாத்தாள். எப்போது வந்தார்கள், அம்மா எப்போது சொல்லி அனுப்பினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

மயிலாத்தாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

“ஒவ்வொருத்தராப் போங்க” என்றாள். “எம்புள்ளைய அவசரப்படுத்தாதீங்க.”